31 நாடகம், நான்கு பக்கம்: நாடகக் குழுவை ஆரம்பித்தவரைப் பற்றிச் சிறப்பு மலரில் என்ன எழுதுவது?

செந்தூல்வாசி:

வணக்கம். ஒரு யோசனை கேட்கத்தான் இந்த இழை. கோலாலம்பூரில் ஒரு சின்னத் தமிழ் நாடகக் குழுவில் 14 வருடமாக இருக்கிறேன். குழுவின் பெயர் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்லியும் பயனில்லை, மொத்தமே 19 பேர். 1987இல் இதை ஆரம்பித்தவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இப்போது 71 வயது, என் மகளும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறாள்.

போன மாதம் ஒத்திகை முடிந்து நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தபோது, "இதோட நான் நிறுத்திக்கிறேன்" என்றார். ஒருத்தன், "எதை அண்ணே, சிகரெட்டையா?" என்று கேட்டுவிட்டான். அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

டிசம்பரில் கடைசி நாடகம். அதோடு ஒரு சிறப்பு மலர் போடுவது என்று செயலவை முடிவெடுத்து, அவருடைய கலைப்பயணத்தை நான்கு பக்கத்தில் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டது. சுலபம் என்று நினைத்தேன். நாடகப் பட்டியல் போட்டேன்: 31. அதில் அவர் இயக்கியது 17, அந்தப் பதினேழில் அவரே எழுதியது 6. மீதி 14 நாடகத்தின் அழைப்பிதழ்களில் அவர் பேரைத் தேடினால் 'நன்றி' பட்டியலில் கடைசியில் இருக்கிறது, சிலவற்றில் அதுவும் இல்லை. ஆனால் அவர் இல்லாமல் அந்தப் பதினான்கில் ஒன்றுகூட மேடை ஏறியிருக்காது. இதை எப்படி எழுதுவது? 'நிறுவனர், கலை இயக்குநர்' என்று போட்டால் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே என்ன?

பழைய கிராணி:

தம்பி, முதலில் அந்தக் 'கலை இயக்குநர்' என்ற சொல்லைத் தூக்கிப் போடுங்கள். நமக்கு அது நேற்று வந்த சொல். நாடகக் கம்பெனி காலத்தில் அந்த ஆளுக்கு வாத்தியார் என்று பேர். பாடம், அதாவது நாடகப் பிரதி, எழுதுவார், பாட்டுக் கட்டுவார், பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பார், எவனுக்குத் தொண்டை உடைகிறதோ அவனை ராஜபார்ட்டிலிருந்து இறக்கி வேறு வேஷத்துக்கு மாற்றுவார். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தார். நான்கே வருடம், 1922இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் பையன்களாகச் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் பிறகு சொந்தக் குழு வைத்து அந்தப் பாடங்களைக் கொண்டுபோனார்கள். சபை எத்தனை வருடம் ஓடியது என்று இன்றைக்கு யார் கேட்கிறார்கள்? உங்கள் அண்ணனிடம் கற்றவர்கள் யார் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அதுதான் கட்டுரை.

நான் பினாங்கு ஆள். ஒன்று சொல்லாமல் விட முடியாது. இந்த நாட்டில் பங்சாவான் என்ற மலாய் நாடகமே எங்கள் ஊரில் பிறந்ததுதான், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பார்த்து. சம்பந்தமில்லைதான், ஆனாலும் கோலாலம்பூர்க்காரர்களுக்கு அவ்வப்போது ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

மூன்றாம் வரிசை:

நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுவேன், மன்னிக்கவும். நம் மலர்கள் எல்லாம் ஒரே அச்சு. அமைச்சர் வாழ்த்து, டத்தோ வாழ்த்து, டத்தின் வாழ்த்து, நகைக்கடை விளம்பரம், பன்னிரண்டாம் பக்கத்தில் 'கலைக்கே தன்னை அர்ப்பணித்தவர்'. அதை எழுதுவதற்கு உங்கள் நான்கு பக்கத்தை வெற்றாகவே விடலாம்.

38 வருடம் ஒரே ஆள் தலைமையில் இருந்தது பெருமையா, குறையா? எத்தனை பேரை இயக்க விட்டார்? பெண்கள் எத்தனை பேர் இயக்கினார்கள்? அவர் விலகினால் அடுத்த வருடம் நாடகம் உண்டா? இதற்குப் பதில் எழுத முடிந்தால் எழுதுங்கள். நான் பார்த்தவரையில் ஆரம்பித்தவர் போனால் குழு பேனரைச் சுருட்டிப் பரணில் போட்டுவிடும்.

செந்தூல்வாசி:

மூன்றாம் வரிசை, கசப்பு நல்லது. பதில் சொல்கிறேன், ஆனால் முதலில் ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

காப்பார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் பால் மரம் சீவினார்கள். முதலில் பார்த்த நாடகம் காமன் கூத்து. ரதி வேஷம் கட்டிய மாமா மறுநாள் காலையில் அதே மையின் மிச்சத்தோடு பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கொடுக்கும் இடத்துக்கு, வந்து நின்றதைத்தான் இன்றைக்கும் சொல்வார். "மேடைக்கும் லயத்துக்கும் நடுவுல அவ்வளவுதான்டா தூரம்" என்பார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. 19 வயதில் கோலாலம்பூருக்கு வந்தார். ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா, ஓய்வு பெறும்வரை அதே வேலை. சாயங்காலங்களில் அங்காசாபுரி ஒலிபரப்பு நிலையத்துக்குப் போய் வானொலி நாடகத்தில் குரல் கொடுத்தார். பெரிய பாத்திரம் எதுவும் இல்லை. கதவு தட்டுகிறவர், தந்தி கொண்டுவருகிறவர். குரல் மட்டும் வைத்து ஓர் ஆளை நிற்கவைக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன் என்பார்.

1987இல் செந்தூலில் ஒரு கோயிலுக்குப் பின்னால் சமையல் கொட்டகையில் ஏழு பேரோடு ஆரம்பித்தார். திருவிழாக் காலத்தில் கொட்டகை கிடைக்காது, மூட்டையைக் கட்டிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக் கேண்டீனுக்குப் போவார்கள். இப்போது இருக்கும் கடைவீட்டு மாடி எங்களுக்குக் கிடைத்த ஒன்பதாவது இடம். முந்தைய எட்டு இடங்களையும் அவர்தான் தேடினார். காலி செய்யச் சொன்னதையும் அவர்தான் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார், எங்களிடம் முகத்தைக் காட்டாமல்.

பெரிய நாடகங்கள் விஸ்மா துன் சம்பந்தனில், டான்ஸ்ரீ சோமா அரங்கத்தில். அந்த அரங்கம் என்றால் அவருக்குத் தனிப் பிரியம். துன் சம்பந்தன் 1960இல் ஆரம்பித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் கட்டடம், அண்ணனுடைய அப்பா அந்தச் சங்கத்தில் உறுப்பினர். "எங்கப்பா காசுல கட்டின மேடை, வாடகையில கழிக்கச் சொல்லணும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார், ஒவ்வொரு தடவையும் முழு வாடகை கட்டுவார்.

இயக்கியவர்கள் கணக்கு: அவர் இயக்காத 14 நாடகத்தை ஐந்து பேர் இயக்கினார்கள். அதில் பெண்கள் இருவர். போதாதுதான்.

லைட்டுக்காரி:

அந்த இருவரில் ஒருத்தி நான். வந்ததிலிருந்து விளக்குதான் போட்டேன், 2016இல் ஒரே ஒரு நாடகம் இயக்கினேன். அண்ணன் என்ன செய்தார் என்று நான் சொல்கிறேன், செந்தூல்வாசி எழுதிக்கொள்ளட்டும்.

ஒத்திகை நடந்த ஏழு வாரமும் அவர் உள்ளே வரவில்லை. வாசலில், படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நான் கோபித்துக்கொண்டேன், புறக்கணிக்கிறார் என்று. பிறகுதான் புரிந்தது. அவர் உள்ளே இருந்தால் நடிகர்கள் ஒவ்வொரு வசனம் முடிந்ததும் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்ப்பார்கள். அந்த ஏழு வாரத்தில் அனுமதிக்கான தாளெல்லாம் அவர்தான் தயார் பண்ணினார். கோலாலம்பூரில் டிக்கெட் விற்று நாடகம் போட மாநகர் மன்ற அனுமதி வேண்டும், பிரதியைக் காட்ட வேண்டும். தமிழ்ப் பிரதி அங்கே யாருக்குப் படிக்கத் தெரியும்? காட்சி காட்சியாக மலாயில் சுருக்கம் எழுதினார், கையால், பிறகு மகனை விட்டுத் தட்டச்சு. என் நாடகத்தில் மாமியார் மருமகளைப் பார்த்து 'நாக்குல சனி' என்று சொல்வதை மலாயில் எப்படிச் சொல்வது என்று ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்! கடைசியில் 'வாய் துடுக்கானவள்' என்று எழுதி ஒப்பேற்றினார்.

மேடையேறிய அன்று இரண்டாம் காட்சியில், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் போய்விட்டது. மேடை முழுக்க ஒரே மட்டத்தில் வெள்ளை வெளிச்சம், கல்யாண மண்டபம் மாதிரி. நான் அழுதுவிட்டேன். அவர் மாடிப்படி ஏறி வந்து, "நடிகருக்குத் தெரியவேணாம், நீ அழுவறத நிறுத்து" என்றார். அவ்வளவுதான். தட்டிக்கொடுக்கவில்லை, ஒன்றுமில்லை. இடைவேளையில் பார்த்தால் இரண்டு அரிக்கேன் விளக்கோடு நிற்கிறார். எங்கிருந்து கொண்டுவந்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. பார்த்தவர்கள் அதை உத்தி என்று நினைத்துப் பாராட்டினார்கள்.

மூன்றாம் வரிசை:

சரி, இதை எழுதுங்கள். அந்தப் படிக்கட்டை எழுதுங்கள்.

ஆனால் அடுத்து என்ன என்ற என் கேள்வி நிற்கிறது. இந்த ஊரிலேயே பார்க்கலாம். கிருஷன் ஜித், மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர், 1972 முதல் 1994 வரை நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் 'உத்தி' (Utih) என்ற புனைபெயரில் நாடகம் பற்றிப் பத்தி எழுதியவர். 1984இல் மேரியன் டிக்ரூஸ், சின் சான் சூய், ரெட்சா பியாடாசா, நம் பீடோங்காரர் கே.எஸ். மணியம் ஆகியோரோடு சேர்ந்து ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டரை ஆரம்பித்தார். கவனியுங்கள், ஐந்து பேர். இயக்குநர், நடனக்காரர், ஓவியர், எழுத்தாளர் என்று கலவை. 2005இல் கிருஷன் ஜித் காலமானார். அமைப்பு இன்னும் இருக்கிறது, இளையவர்கள் நடத்துகிறார்கள். ஆரம்பத்திலேயே ஒரு தலை என்று வைக்காததால்தான் என்பது என் கருத்து.

இன்னொரு பக்கம் ஜோ ஹஷாமும் ஃபரிதா மெரிக்கானும் 1989இல் ஆரம்பித்த ஆக்டர்ஸ் ஸ்டூடியோ. டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்துக்குக் கீழே, நிலத்தடியில் அரங்கம் வைத்திருந்தார்கள். 2003 ஜூன் வெள்ளத்தில் எல்லாம் மூழ்கியது. இரண்டே வருடத்தில், 2005இல், செந்தூலில் கேஎல்பேக் என்ற நிகழ்த்துகலை அரங்கத்தைத் திறந்தார்கள். அங்கே ஆரம்பித்தவர்களின் பிடிவாதம்தான் அமைப்பைக் காப்பாற்றியது. ஆக, ஒரே சூத்திரம் கிடையாது. உங்கள் அண்ணன் எந்த ரகம்?

செந்தூல்வாசி:

கேஎல்பேக் என்றதும் ஒரு விஷயம். அது பழைய ரயில்வே கட்டடம். அண்ணனின் மாமனார் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அரங்கம் திறந்த புதிதில் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மாமனார் நாடகத்தைப் பார்க்கவே இல்லையாம், இரண்டு மணி நேரமும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

எந்த ரகம் என்று கேட்டால், தெரியவில்லை. இரண்டும் இல்லை. சென்னையில் 1891இல் சுகுண விலாச சபையை ஆரம்பித்து, பிறகு வழக்கறிஞராக இருந்துகொண்டே நாடகம் போட்ட பம்மல் சம்பந்த முதலியார் ரகம் என்று அண்ணனே சொல்லிக்கொள்வார். பகலில் தொழில், ராத்திரி நாடகம், அதில் சம்பளம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் முதலியார் தொண்ணூறுக்கு மேல் நாடகம் எழுதினார், நம்மாள் ஆறு.

ஈப்போ ரோடு கணக்கப்பிள்ளை:

உணர்ச்சி எல்லாம் சரி, மலரும் போடுங்கள். இடையில் மூன்று காரியத்தைக் கவனித்தீர்களா? நான் இரண்டு சங்கத்துக்குப் பொருளாளராக இருந்து பட்டவன்.

உங்கள் குழு சங்கப் பதிவிலாகாவில் பதிந்ததுதானே? சட்டவிதியை எடுத்துப் பாருங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் இருப்பார்கள். 'கலை இயக்குநர்' இருக்க மாட்டார். அதாவது 38 வருடமாக அவர் வகித்த பதவி தாளிலேயே இல்லை. இல்லாத பதவிக்கு அடுத்த ஆளை எப்படி நியமிப்பீர்கள்? அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது மரியாதையால். அடுத்து வருகிறவருக்கு அந்த மரியாதை முதல் நாளே வராது, ஆகவே தாளில் வேண்டும்: எந்த நாடகம் என்று முடிவு செய்வது யார், செயலவை எதில் தலையிடலாம், எதில் கூடாது, எத்தனை வருடம். பொதுக்கூட்டத்தில் திருத்தம் கொண்டுவாருங்கள், பதிவிலாகா ஒப்புதல் கொடுத்த பிறகுதான் செல்லும், அதனால் இப்போதே.

இரண்டாவது, அந்த ஆறு நாடகங்கள். பதிப்புரிமை பொதுவாக எழுதியவருடையது. குழுவுக்காக எழுதினார் என்பதால் மட்டும் குழுவுக்கு வந்துவிடாது. நம் 1987ஆம் வருடச் சட்டப்படி அவர் காலத்துக்குப் பிறகும் 50 வருடம் வாரிசுகளுக்குத்தான். நாளைக்கு நீங்கள் மறுபடி மேடையேற்ற வேண்டும் என்றால் இன்றைக்கே ஒரு பக்கத்தில் அவர் கையெழுத்தோடு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு எதிராக அல்ல, பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் மனத்தாபம் வராமல் இருக்க.

மூன்றாவது, வங்கியில் கையெழுத்து. அதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

செந்தூல்வாசி:

கணக்கப்பிள்ளை ஐயா, இன்று மதியம் சட்டவிதியை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே. அவர் பேர் 'ஆலோசகர்' என்று ஓர் இடத்தில் இருக்கிறது, அதுவும் எழுத்துப்பிழையோடு. வங்கியில் இன்னும் அவர் கையெழுத்துதான்.

இன்னொன்று கிடைத்தது. அலமாரியைத் துழாவியபோது ஒரு மைலோ டின் நிறைய 555 நோட்டு. ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒன்று. மளிகைக்கடையில் கடன் எழுதுவோமே, அதே சட்டைப்பை அளவு நோட்டு. முதலில் வரவு செலவு என்று நினைத்தேன். அது கொஞ்சம்தான். மீதி எல்லாம் யாரிடம் என்ன வாங்கினார், திருப்பிக் கொடுத்தாரா என்ற கணக்கு. 1994 நோட்டிலிருந்து அப்படியே தருகிறேன்:

"காஞ்சிபுரம் பச்சை 1, வேலுவின் தாயார். திரும்பியது, காப்பிக் கறை, மன்னிப்புக் கேட்டேன்.
தராசு 1, மளிகைக்கடை. திரும்பியது.
குடை 3. திரும்பியது 2.
தகரப் பெட்டி 1, பூட்டுடன். திரும்பவில்லை.
சரசு இரண்டாம் காட்சியில் குரல் இறங்குது. திட்டாதே. தண்ணி கொடு."

ராமாயணம் போல் வாசித்துக்கொண்டிருக்கிறேன். நடிகர்கள் பற்றிய குறிப்பு எல்லாம் புடவைக்கும் தராசுக்கும் நடுவில். (பேர்களை மாற்றியிருக்கிறேன், சம்பந்தப்பட்டவர்கள் இங்கே உலாவுகிறார்கள்.)

2020 நோட்டில் ஒரே பக்கம்தான் எழுதியிருக்கிறார். மார்ச் 18இல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, எங்கள் நாடகம் அந்த வாரக் கடைசி. "அரங்க முன்பணம் கேட்கணும். 11 பேருக்கு போன் போட்டேன்" என்று இருக்கிறது. அவ்வளவுதான்.

லைட்டுக்காரி:

போன் மட்டுமா போட்டார். அந்த வருடம் முழுக்கச் சனிக்கிழமை 3 மணிக்கு, ஒத்திகை நேரத்துக்கு, வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஒரு வசனம் சொல்லி அனுப்பச் சொன்னார். திருத்துவார். எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. நாடகம் எப்போது என்றே தெரியாது, எதற்கு வசனம்? ஆனால் 2022இல் திரும்ப மாடி ஏறியபோது பக்கத்துக் குழுக்களில் பாதிப் பேர் இல்லை, எங்களில் இருவர்தான் வரவில்லை.

2016 நோட்டில் அரிக்கேன் விளக்கு யாரிடம் வாங்கினார் என்று இருக்கிறதா? பாருங்களேன்.

பழைய கிராணி:

அந்த நோட்டுகளைப் பூச்சி அரிக்கும் முன்னால் படம் எடுத்து வையுங்கள் தம்பி. இந்த நாட்டுத் தமிழ் நாடகத்துக்குப் பிரதியும் இல்லை, படமும் இல்லை. தமிழ் நேசன் நாளிதழ்கூட 2019இல் நின்றுபோனது. ஒரு நாடகம் நடந்ததற்குச் சாட்சி அதில் வந்த இரண்டு பத்திச் செய்திதான் என்று எத்தனையோ குழுக்கள் உண்டு. பினாங்கில் ஜேனட் பிள்ளை, யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர், பிள்ளைகளை வைத்து நாடகம் போட்டார், ஜார்ஜ் டவுன் தெருக்களிலேயே அவர்களை நடமாடவிட்டுக் கற்பித்தார். அவர் செய்த நல்ல காரியம், செய்ததை எழுதியும் வைத்தது. உங்கள் அண்ணனும் எழுதித்தான் வைத்திருக்கிறார், மைலோ டின்னில்.

ஒருகாலத்து நடிகன்:

இந்த இழையைப் படித்துவிட்டு உறுப்பினராகச் சேர்ந்தேன். நான் 2001 வரை அந்தக் குழுவில் இருந்தவன். சண்டை போட்டுக்கொண்டு போனேன். நான் எழுதிய நாடகத்தில் கடைசிக் காட்சியை என்னிடம் சொல்லாமல் வெட்டினார். மேடையேறும் அன்றுதான் எனக்கே தெரியும். நாடகம் நன்றாகத்தான் போனது, அது வேறு விஷயம். என்னைக் கேட்டிருக்க வேண்டும். இதையும் மலரில் எழுதுங்கள், அவர் தெய்வம் இல்லை. ஒத்திகைக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் பெரியவர் சின்னவர் பார்க்காமல் கதவைச் சாத்துவார். என் அப்பா இறந்த வாரத்தில்கூட.

அப்புறம், 1994 தகரப் பெட்டி. அது என்னிடம்தான் இருக்கிறது. வாங்கியது என் சித்தியிடம், நாடகம் முடிந்ததும் நானே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன், அவரிடம் சொல்லவில்லை. இத்தனை வருடம் அவர் கணக்கில் 'திரும்பவில்லை' என்று இருந்திருக்கிறது!

செந்தூல்வாசி:

அண்ணே, வணக்கம். உங்கள் நாடகத்தின் நோட்டையும் இப்போதுதான் பார்த்தேன். வெட்டியது பற்றி ஒரு சொல் இல்லை. கடைசிப் பக்கத்தில் உங்கள் பேரும் பழைய தொலைபேசி எண்ணும் மட்டும், எண்ணுக்குப் பக்கத்தில் நான்கு கோடு. எத்தனை தடவை கூப்பிட்டார் என்ற கணக்காக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். அவரிடம் கேட்கவில்லை.

நீங்கள் சொன்ன சண்டையை எழுதுகிறேன். செயலவை முகம் சுளிக்கும், பரவாயில்லை.

லைட்டுக்காரி, 2016: "அரிக்கேன் 2, கோயில். கேட்காமல் எடுத்தது. மறுநாள் திருப்பி, எண்ணெய் ஊற்றிக் கொடுத்தது."

மலருக்கு ஒரு வழி தெரிகிறது. முதல் பக்கத்தில் 31 நாடகப் பட்டியல், சின்ன எழுத்தில். அடுத்த இரண்டு பக்கம் 555 நோட்டுப் படங்கள், விளக்கம் அதிகம் இல்லாமல். நான்காம் பக்கத்தில் ஒன்பது இடங்களும் படிக்கட்டும். திருத்தத் தீர்மானத்தைக் கணக்கப்பிள்ளை ஐயா ஒரு தடவை பார்த்துத் தந்தால் புண்ணியம்.

ஈப்போ ரோடு கணக்கப்பிள்ளை:

அனுப்புங்கள். 'ஆலோசகர்' எழுத்துப்பிழையையும் அதே திருத்தத்தில் சேர்த்துவிடலாம், தனிக் கட்டணம் இல்லை.

ஒருகாலத்து நடிகன்:

இந்தச் சனிக்கிழமை பெட்டியைக் கொண்டுவரலாமா? பூட்டு இருக்கிறது, சாவி தொலைந்துவிட்டது. எத்தனை மணிக்குக் கதவு சாத்துவார் இப்போது?

செந்தூல்வாசி:

அதே 3 மணிதான் அண்ணே. முன்னாலேயே வந்துவிட்டால் கீழே மாமாக் (தமிழ் முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் பாருங்கள், இரண்டரைக்கு அங்கேதான் தே தாரே டீ குடித்துக்கொண்டிருப்பார். லிஃப்ட் கிடையாது, மூன்று மாடி. பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன்.